ஒரு கண்ணும் ஆறு புட்டிகளும்

மனிதனுக்குக் கண் இரண்டு என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. அந்த இரண்டு கண்களுக்காக என் தமக்கை தன் வீட்டு அலமாரியில் ஆறு புட்டிகள் வைத்திருக்கிறாள் என்னும் கணக்கு, கோடை விடுமுறைக்குத் திருச்சிக்குப் போயிருந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. கண் ஒன்றுக்கு மூன்று வீதம்! நெற்றிக்கண் படைத்தவருக்குக்கூட இவ்வளவு வேண்டியிராது.

அந்த ஆறில் ஒன்றை வாங்கிக் கொடுத்தவன் நான். அந்த ஒன்றுதான் அக்காவின் பார்வைக்கே உலை வைக்கப் பார்த்தது. ஆகையால் இந்த வாரம் எழுதப்போவதை ஓர் உபாத்தியாயரின் உபதேசமாக எண்ணாமல், ஒரு குற்றவாளியின் வாக்குமூலமாக நேயர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு வயது 58. மூன்று வருஷமாகக் கண் உலர்ச்சி. மணல் விழுந்தாற்போல் ஓயாத உறுத்தல். மாலை வேளையில் விழி முழுதும் செவ்வரி. மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் எரிச்சல். வேடிக்கை என்னவென்றால், காற்றில் வெளியே போனால் தாரை தாரையாகக் கண்ணீரும் கொட்டும்.

“டாக்டர் கண் வறண்டுவிட்டது என்கிறார். எனக்கோ முந்தானை நனைகிறது. இதென்ன தம்பி நியாயம்?” என்று ஆரம்ப நாட்களில் என்னைக் கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். கண்ணீர் என்பது வெறும் உப்பு நீர் அன்று. விழியின்மேல் பற்றி நிற்பதற்காக அடியில் வழவழப்பான ஒரு பொருள், நடுவில் நீர், அந்த நீர் காற்றில் ஆவியாகிவிடாதபடி மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். இந்த எண்ணெயைச் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் இமையோரத்தில் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஜெர்மன் தேசத்து வைத்தியர் மெய்போம் 1666-ல் அவற்றைப் பற்றி விவரித்து எழுதியதால் அவர் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. நீர் குறைந்தாலும் சரி, எண்ணெய் கெட்டாலும் சரி, விழி காய்கிறது. காய்ந்த விழி எரிச்சல் பொறுக்காமல் கூக்குரலிடும்போது, பெரிய கண்ணீர்ச் சுரப்பியானது அவசரத்துக்கு ஒரு குடம் நீரைக் கொட்டுகிறது. அந்த அவசர நீர் கன்னத்தில் வழிந்தோடுமேயல்லாமல் கண்ணில் தங்காது. ஏரி வறண்ட ஊரில் ஒருநாள் காட்டு வெள்ளம் வந்து போனாற்போலத்தான்.

இதை அளந்து பார்க்க ஓர் எளிய உபாயம் உண்டு. ஷிர்மர் என்பவர் 1903-ல் வகுத்தது. மைத்தாளைப் போன்ற ஒரு காகிதத் துண்டைக் கீழிமையில் மாட்டி, ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு தூரம் ஈரம் ஏறுகிறதென்று பார்ப்பார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் கவலையில்லை. அக்காவின் காகிதம் 4 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது. டாக்டர் அம்மையார் சைக்ளோஸ்போரின் என்னும் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்.

அலமாரியில் இருந்த முதல் புட்டி, சரியாகச் சொன்னால் சின்னஞ்சிறு குப்பிகள் அடங்கிய ஒரு பெட்டி, இதுதான். இந்த மருந்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. நார்வே தேசத்தில் ஹார்டாங்கர்விட்டா என்று ஒரு குளிர்ந்த மேட்டு நிலம். 1969-ல் அங்கிருந்து எடுத்து வந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. ஸ்விட்ஜர்லாந்தில் பாஸல் நகரத்து ஸாண்டோஸ் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பூஞ்சையிலிருந்து இந்தச் சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். உடம்பின் காவற்படையை அடக்கி வைப்பது இதன் குணம் என்று 1972-ல் கண்டுகொண்டார்கள். மாற்றி வைத்த சிறுநீரகத்தை அந்நியன் என்று உடம்பு விரட்டாமல் இருப்பதற்காக, உட்கொள்ளும் மருந்தாக 1983-ல் அமெரிக்காவில் இது அங்கீகாரம் பெற்றது. பிற்பாடு ஜார்ஜியா சர்வகலாசாலையில் ரெனே காஸ்வான் என்னும் கால்நடைக் கண் வைத்திய நிபுணர், கண் வறண்ட நாய்களுக்கு இதைச் சொட்டாக விட்டுக் குணம் கண்டார். மனிதக் கண்ணுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2002 டிசம்பரில்தான். (நாய் சமாசாரத்தை அக்காவிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் என் பாடு!)

கண் உலர்ச்சியில், கண்ணீரைத் தருகிற இடத்திலேயே ஓர் அழற்சி புகைந்துகொண்டிருப்பது உண்டு. அதை அணைப்பதே இந்த மருந்தின் வேலை. புகைச்சல் அடங்கினால் கண் தன் நீரைத் தானே சுரக்கத் தொடங்கும். ஆனால் இது மெதுவாக நடக்கிற காரியம். மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். போதாக்குறைக்கு, விட்டவுடன் எரியும். பரிசோதனைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் எரிச்சலைச் சொன்னார்கள். என் அக்கா அந்தப் பதினேழில் ஒருத்தி. மூன்று வாரம் எரிச்சலைப் பொறுத்தாள். பிறகு பெட்டியை அலமாரியின் பின்புறம் தள்ளிவிட்டாள். டாக்டரிடம் மட்டும் ஒவ்வொரு முறையும், “தவறாமல் விட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லிவந்தாள்.

ஏன் பொய் சொன்னாள் என்று கேட்பீர்கள். திட்டுவார்களே என்ற பயந்தான். ஐம்பத்தெட்டு வயதிலும் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தால் நாமெல்லோரும் வீட்டுப்பாடம் செய்யாத மாணவர்களாகிவிடுகிறோம். இருபது வருஷமாக வகுப்பில் அந்த முகத்தைப் பார்த்து வருபவன் நான். என் சொந்த அக்காவின் முகத்தில் அதைக் கண்டுகொள்ளத் தவறிவிட்டேன்.

இனி என் குற்றத்துக்கு வருவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவுக்கு வேறொரு கண் நோவு வந்தது. அப்போது பார்த்த டாக்டர் பத்து நாளைக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டாம் நாளே சிவப்பும் உறுத்தலும் மாயமாய் மறைந்தன. அந்தச் சீட்டை அக்கா பத்திரப்படுத்தி வைத்தாள். டாக்டர் எழுதிய குப்பி எரிகிறதென்று ஒதுக்கிய பிறகு, “தம்பி, அந்தப் பழைய மருந்து உங்கள் ஊரில் கிடைக்குமா பார். அதுதான் எனக்கு ஒத்துக்கொள்கிறது” என்று எனக்குச் சொல்லியனுப்பினாள். மருந்துக் கடையில் சீட்டின் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் தேதியைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் நான்கு புட்டிகள் வாங்கி அனுப்பினேன். விஞ்ஞானம் போதிக்கிற உபாத்தியாயர் நான்; புட்டியின் மேல் ‘டெக்ஸாமெதஸோன்’ என்று அச்சிட்டிருந்ததைப் படித்தும் இருக்கிறேன்.

ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த மருந்து அது. அழற்சியை அடக்குவதில் அதற்கு நிகர் சொல்வது கடினம். சைக்ளோஸ்போரின் வேலை செய்யத் தொடங்கும் வரையில் ஈடுகொடுப்பதற்காக, டாக்டர்களே இரண்டொரு வாரம் ஸ்டீராய்டுச் சொட்டைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. மருந்தின்மேல் குற்றமில்லை. யாரும் கண்காணிக்காமல் மாதக்கணக்கில் விடுவதில்தான் ஆபத்து. கண்ணுக்குள்ளே ஒரு நீர் சதா சுரந்து, சதா வடிந்துகொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு, சிலருடைய கண்ணில் அந்த வடிகாலை மெல்ல அடைக்கிறது. யாருடைய கண்ணில் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது; அந்த அழுத்தத்தில் பார்வை நரம்பு இழை இழையாக மடிகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. பக்கப் பார்வைதான் முதலில் போகும். நடுப்பார்வை தெளிவாக இருப்பதால் போனதே தெரியாது. கிளாக்கோமா என்கிறார்களே, அந்த வியாதிதான். மடிந்த நரம்பை உயிர்ப்பிக்க இன்றுவரை மருந்து இல்லை. இதோடு கண்புரையும் சீக்கிரம் வரும். கிருமி ஏதேனும் கண்ணில் குடியேறினாலோ, சிவப்பையும் வலியையும் ஸ்டீராய்டு மறைத்துவிடுவதால், திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது நாயின் வாயைக் கட்டின கதையாகிவிடும்.

விடுமுறைக்குப் போன மறுநாள், அக்காவை அழைத்துக்கொண்டு டாக்டர் அம்மையாரிடம் சென்றேன். அலமாரியில் இருந்த அத்தனையையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்றேன். “எல்லாவற்றையும் ஏன் தூக்கிக்கொண்டு வருகிறாய்?” என்று அக்கா வழியெல்லாம் முணுமுணுத்தாள். அம்மையார் பையை மேஜைமேல் கவிழ்த்தார். ஒவ்வொரு புட்டியாக எடுத்து நிமிர்த்தி வைத்தார். டெக்ஸாமெதஸோனை எடுத்தவர் அதைக் கீழே வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே, “இது எத்தனை நாளாக?” என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கண் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும். அக்காவுக்கு வலக்கண்ணில் 29, இடக்கண்ணில் 31. நரம்பைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இடக்கண்ணில் ஓரிடத்தில் சற்று மெலிவு, வலக்கண்ணில் இல்லை. “நல்லவேளை” என்றார் அம்மையார். அந்தச் சொல்லை அதற்கு முன்பும் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதற்கு இவ்வளவு கனம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்டீராய்டை எப்படி நிறுத்துவதென்று நாள் கணக்கிட்டு எழுதிக் கொடுத்தார். அழுத்தத்தைக் குறைப்பதற்கு வேறொரு சொட்டு மருந்து எழுதப் பேனாவை எடுத்தவர், சட்டென்று நிறுத்தி, “உங்களுக்கு இழுப்பு உண்டா?” என்று கேட்டார்.

கண்ணுக்கும் இழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அக்காவுக்கு மழைக்காலத்தில் இழுப்பு வருவதுண்டு. அதைக் கேட்டதும் அம்மையார் முதலில் நினைத்த மருந்தை விட்டு வேறொன்றை எழுதினார். முதலில் நினைத்தது டிமோலால். கண் அழுத்தத்துக்கு உலகமெங்கும் பயன்படுகிற நல்ல மருந்து. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்குக் கண்ணில் விட்ட சொட்டே மூச்சை முட்டச் செய்துவிடும். சிலருக்கு இருதயத் துடிப்பையும் மந்தப்படுத்தும்.

கண்ணில் விட்ட மருந்து மார்புக்கு எப்படிப் போகும்? இதைத்தான் நான் அன்றிரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயந்தான். வீட்டில் நினைவுக்கு வரவில்லை. கண்ணின் உள்மூலையில், மூக்கையொட்டி, ஊசித் துவாரம் போன்ற வாய்க்கால் உண்டு. மிஞ்சிய கண்ணீர் அதன் வழியே மூக்குக்குள்ளும் அங்கிருந்து தொண்டைக்கும் போகிறது. அழும்போது மூக்குச் சிந்துகிறோமே, அதற்குக் காரணமும் இதுதான். சொட்டு மருந்தும் அதே வழியில் போய், மூக்கின் உட்தோலில் ஊறி இரத்தத்தில் கலக்கிறது. கண் உலர்ச்சிக்கென்று 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஃபிடெக்ராஸ்ட் என்னும் இன்னொரு சொட்டு மருந்து, விட்ட சற்றைக்கெல்லாம் நாக்கில் ஒரு விபரீதமான ருசியை உண்டாக்குவதற்குப் பேர்போனது. கண்ணுக்கு ருசி ஏது?

மற்றொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கீழிமையைச் சற்று இழுத்தால் உண்டாகும் பை, மொத்தம் சுமார் 30 மைக்ரோலிட்டர் கொள்ளும். ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ நூற்றறுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 7 மைக்ரோலிட்டர் ஏற்கெனவே கண்ணீர். புட்டியிலிருந்து விழுகிற ஒரே சொட்டு 30 முதல் 50 வரை இருக்கும். ஆகவே முதற்சொட்டிலேயே பாத்திரம் நிரம்பி வழிகிறது. “ஒன்றுக்கு இரண்டாக விட்டால் சீக்கிரம் குணமாகும்” என்று விடுகிற இரண்டாம் சொட்டு கன்னத்துக்குத்தான் வைத்தியம் செய்கிறது. ஒரு மருந்து விட்ட கையோடு இன்னொன்றை விட்டால், பின்னது முன்னதை அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆகையால் அக்காவுக்கு அம்மையார் சொன்ன முறை இது. கையைச் சோப்பிட்டு அலம்பிய பிறகு ஒரு சொட்டு. புட்டியின் மூக்கு இமையிலோ ரோமத்திலோ படக்கூடாது. கண்ணை மெதுவாக மூடி, உள்மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கவேண்டும். வாய்க்கால் அடைபடுவதால் மருந்து கண்ணில் தங்கும், உடம்புக்குள் போவது குறையும். அடுத்த மருந்துக்குக் குறைந்தது ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். செயற்கைக் கண்ணீருக்கும் சைக்ளோஸ்போரினுக்கும் இடையில் மட்டும் கால் மணி. நீர்போன்றது முதலில், கூழ்போன்றது பிறகு, களிம்பு எல்லாவற்றுக்கும் கடைசியில். களிம்பை முதலில் போட்டுவிட்டால் எண்ணெய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாற்போல மற்றவை ஒட்டாமல் போகும். அக்காவின் மருமகள் கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவள். அவளும் உடன் வந்திருந்ததால், அப்படிப்பட்டவர்கள் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சைக்ளோஸ்போரினை விட்டு, கால் மணி கழித்தே திரும்ப அணியவேண்டும் என்பதும் தெரிந்தது.

மேஜைமேல் நின்ற மற்றப் புட்டிகளின் கதையையும் கேளுங்கள்.

செயற்கைக் கண்ணீர் சாதுவானது. ஆனால் மாதக்கணக்கில் வைத்து விடுகிற புட்டிகள் பலவற்றில், கிருமி வளராதிருக்கப் பென்ஸல்கோனியம் குளோரைடு என்னும் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். நாலு வேளைக்கு மேற்பட்டு விட்டால், அல்லது அது சேர்ந்த பல மருந்துகளை ஒரே கண்ணில் விட்டால், அதுவே விழியின் மேல்தோலை அரித்து உலர்ச்சியை அதிகப்படுத்தும். அக்கா எட்டு வேளை விட்டுக்கொண்டிருந்தாள். அது சேராத சிறு குப்பிகளுக்கு மாற்றிக் கொடுத்தார் அம்மையார். அவற்றைத் திறந்த வேளையே உபயோகித்து, மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். “பாதி வீணாகிறதே!” என்று அக்காவுக்கு ஆற்றாமைதான். சிக்கனம் நம் குடும்பங்களின் குலதனம். ஆனால் காவலில்லாத மருந்தில் அது செல்லாது.

மூன்றாவதாக நான் சொன்ன டெக்ஸாமெதஸோன் போக, நான்காவது புட்டி, சிவப்பை நீக்கும் சொட்டு. கல்யாணத்துக்குப் போகும்போது விட்டுக்கொள்வதாம். நாஃபசோலின் என்னும் அந்த மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி விழியை வெளுப்பாக்குகிறது. மருந்து தெளிந்ததும் குழாய்கள் முன்னிலும் அதிகமாக விரிந்து, கண் முன்னிலும் சிவக்கிறது, மறுபடியும் புட்டி. உலர்ச்சிக்கு இதனால் எள்ளளவும் உபகாரமில்லை. இதில் இன்னொரு பயங்கரம் உண்டு. இந்த வகைச் சொட்டுகளைக் குழந்தைகள் குடித்துவிட்டால், 1 அல்லது 2 மில்லிலிட்டரே மயக்கத்திலும் மூச்சுத் தளர்ச்சியிலும் கொண்டுவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-ல் எச்சரித்திருக்கிறது. அக்காவின் பேரனுக்கு இரண்டரை வயது. அலமாரியின் கீழ்த்தட்டு அவன் கைக்கு எட்டும். அந்தப் புட்டி இப்போது அந்த வீட்டில் இல்லை.

ஐந்தாவது பன்னீர். “இதில் என்ன கெடுதல்? குளிர்ச்சிதானே!” என்றாள் அக்கா. பன்னீர் முகத்துக்குக் குளிர்ச்சிதான். ஆனால் கிருமி நீக்கப்படாத எதையும், பன்னீரானாலும் தேனானாலும் தாய்ப்பாலானாலும், காய்ந்து கீறல் விழுந்த கண்ணில் விடுவது கிருமிகளுக்கு வெற்றிலை பாக்கு வைப்பதற்கு ஒப்பாகும். காவற்படையை அடக்குகிற மருந்துகள் கண்ணில் இருக்கும் வேளையில் சொல்லவே வேண்டாம். எங்கள் பாட்டி விளக்கெண்ணெய் விடுவாளே என்று அக்கா ஞாபகப்படுத்தினாள். அம்மையார் சிரித்துக்கொண்டே, சைக்ளோஸ்போரின் பெட்டியை எடுத்து, சேர்மானப் பட்டியலில் ஒரு வரியைக் காட்டினார். விளக்கெண்ணெய்! நீரில் கரையாத அந்த மருந்தை விளக்கெண்ணெயில் கரைத்து, பால்போல நுண்துளிகளாக்கி, கிருமி நீக்கி அடைத்திருக்கிறார்கள். பாட்டி முழுவதும் பிசகவில்லை. ஆனாலும் அவள் புட்டிக்கு மூடி கிடையாது, துணி அடைப்புத்தான்.

ஆறாவது புட்டி கண் மருந்தே அன்று. அத்தானுடைய காது மருந்து. ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. அதிகாலையில் கண்ணாடி அணியாமல் கைநீட்டினால் எது அகப்படும்? உடைந்த சாமானை ஒட்டும் பசையைக் கண் மருந்தென்று எண்ணி விட்டுக்கொண்டவர்களைப் பற்றி வைத்தியப் பத்திரிகைகளில் பல குறிப்புகள் வெளிவந்திருக்கின்றன. காது மருந்து வேறு அறைக்குக் குடிபோயிற்று.

இதற்குப் பிறகு அம்மையார், “மாத்திரைகள் என்னென்ன?” என்று கேட்டார். கண்ணுக்குப் போனால் கண் மருந்தைப் பற்றிப் பேசினால் போதும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அக்கா தும்மலுக்குத் தினம் இரவு ஒரு மாத்திரை போடுகிறாள். இந்த வகை மாத்திரைகள் மூக்கை உலர்த்துவதோடு கண்ணையும் உலர்த்துகின்றன. நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்குக் கொடுக்கிற ஐஸோட்ரெடினாயின், நீரை வெளியேற்றும் இரத்த அழுத்த மாத்திரைகள் சில, யாவும் இதே கோஷ்டி. ஒரு கையால் வயலுக்கு நீர் இறைத்து, மறு கையால் மடையைத் திறந்துவிடுவது போலாகிறது. அதற்காக அவற்றைத் தாமே நிறுத்திவிடுவது இதைவிடப் பெரிய பிழை. கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்று உண்டா என்று பார்ப்பார். அக்காவின் தும்மல் மாத்திரைக்குப் பதிலாக மூக்கில் அடிக்கும் மருந்து கிடைத்தது. ஆனால் மூக்கில் அடிக்கும் மருந்துகளிலும் ஸ்டீராய்டு உண்டாகையால், அவள் கண் அழுத்தத்தை எண்ணி, அது இல்லாததாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

பயப்பட வேண்டாத இடத்தில் அக்கா பயந்துகொண்டிருந்ததையும் சொல்லவேண்டும். அண்டை வீட்டு அம்மாள் கைப்பேசியில் படித்துவிட்டு, சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட் பழம் தொடக்கூடாது, சில இரத்த அழுத்த மாத்திரைகளோடு அது ஒத்துக்கொள்ளாது, சிறுநீரகம் கெடும் என்றெல்லாம் சொல்லியிருந்தாள். அவள் படித்தது பொய்யன்று. ஆனால் அவ்வளவும் உட்கொள்ளும் மாத்திரைக்குப் பொருந்துவது. 0.05 சதவீதச் சொட்டைத் தினம் இருவேளை விட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்ததில், அளவிடக்கூடிய எல்லைக்குக் கீழேதான் மருந்து இருந்தது. சிறுநீரகத்துக்குப் பயந்து சொட்டை நிறுத்தியதும், பயப்பட வேண்டிய ஸ்டீராய்டை நம்பி விட்டுக்கொண்டதும், பெயர் ஒன்றாயிருப்பதால் வந்த வினை. கண்ணில் கிருமித் தொற்று இருந்தாலும், முன்பு அக்கி கண்ணில் வந்திருந்தாலும் அவசியம் சொல்ல வேண்டும். பழத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார் அம்மையார்.

அத்தான் உறையூர்ச் சுருட்டின் அபிமானி. கூடத்தில் உட்கார்ந்து ஊதுகிற வழக்கம். மருந்தின் வேலையைப் புகை பாழாக்குகிறது என்று கேட்டபோது, “என் கண் நன்றாகத்தானே இருக்கிறது!” என்று வாதித்தார். மது அருந்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குடித்த சாராயம் கண்ணீரிலும் வந்து சேருகிறது, கண்ணீரின் உப்புச் செறிவு ஏறி உறுத்தல் கூடுகிறது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கு இடமில்லாததால் அதை விரிக்கவில்லை.

புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி, ஒரு மாதத்தில் எறிந்துவிட வேண்டும் என்றார்கள். வீண் கண்டிப்பு என்று எனக்குத் தோன்றியிருக்கும், 2023-ல் நடந்ததைப் படித்திராவிட்டால். சென்னையை அடுத்த ஓர் ஆலையில் தயாராகி அமெரிக்கா சென்ற செயற்கைக் கண்ணீரோடு, எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத ஒரு கிருமியின் தொற்றை அந்நாட்டு அதிகாரிகள் சம்பந்தப்படுத்தினார்கள். 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 14 பேர் பார்வை இழந்தார்கள். நான்கு பேருக்குக் கண்ணையே எடுத்துவிட நேர்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கிருமித் தடுப்புப் பொருள் சேராததாயினும், பலமுறை திறந்து மூடுகிற புட்டி அது. சாதுவென்று சற்று முன் நான் சொன்ன மருந்துதான். வாங்கும்போது மூடியின் முத்திரை உடையாதிருக்கிறதா என்று பார்ப்பதும், கலங்கியிருந்தாலோ கண்ணில் வலியும் சீழும் கண்டாலோ அன்றே டாக்டரிடம் ஓடுவதும் நம் கையில் இருக்கின்றன. சைக்ளோஸ்போரின் இயற்கையிலேயே பால்போல் வெளுத்திருக்கும்; அதைக் கண்டு மிரளவேண்டாம். குப்பியைத் தலைகீழாக இரண்டு மூன்று முறை கவிழ்த்து விட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது ஐந்து மாதமாகிறது. ஆறாவது வாரத்தில் கண் அழுத்தம் 17, 18 என்று இறங்கிவிட்டது. இடக்கண்ணின் மெலிவு அப்படியே நிற்கிறது, அது திரும்பாது, ஆனால் மேலும் பரவவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சைக்ளோஸ்போரின் எரிச்சல் இரண்டாம் மாதத்தில் குறைந்தது. சென்ற வாரம் காகிதம் வைத்துப் பார்த்ததில் 8 மில்லிமீட்டர் நனைந்ததாம். அக்கா தானே எனக்குச் சொன்னாள், பரீட்சையில் தேறிய பெண்ணைப் போல.

அலமாரிக் கதவின் உட்புறத்தில், கரும்பலகையில் எழுதுகிற பெரிய எழுத்தில், எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று நான் எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். கண் மருந்துகள், மாத்திரைகள், மூக்கில் அடிப்பது, நாட்டு மருந்து எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையே கழற்றி எடுத்துச் செல்வதாக ஏற்பாடு. போன மாதம் போயிருந்தபோது, என் எழுத்துக்குக் கீழே அக்காவின் கையெழுத்தில் இரண்டு வரிகள் கூடியிருந்தன. ‘காபி: டாக்டர் ஆட்சேபிக்கவில்லை.’ அதன் கீழே: ‘சுருட்டு: வாசல் திண்ணையில்.’